மேலும் இருபது சதவீதம்

மின்சாரம் சொன்னபடி ஒன்பது மணிக்கு நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, பிற்பகல் இரண்டு வரை. நேற்றே நாளேட்டில் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி நாலைந்து சுற்றுத் தளர்ந்து சுற்றி அடங்கிற்று, அடுத்த வீட்டு மிக்ஸி பாதியில் வாயை மூடிக்கொண்டது, தெருக்கோடி மாவு மில்லின் முனகலும் ஓய்ந்தது. பாளையங்கோட்டையில் இப்படியோர் அமைதி மாதத்துக்கு ஒரு முறைதான் வாய்க்கும்; அதற்காகத்தான் காத்திருந்தேன். நான் செய்த பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளையும் தளர்த்தி இரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கன்று ஈன முடியாத பசுவுக்கு வைத்தியம் பார்க்கிறவனைப்போல, வலக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை ஒலித்துளைக்குள் விட்டிருக்கிறேன். உள்ளிருந்து மரம் ஒட்டும் வச்சிரப் பசையின் நாற்றமும் பலாமரத்தின் மெல்லிய இனிப்பும் கலந்து வருகின்றன. பல் வைத்தியரிடம் கேட்டு வாங்கிய குச்சிக் கண்ணாடியும் சிறு டார்ச்சும் மேசையில் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு பார்த்தால் ஒரு சமயத்தில் இரண்டு அங்குலம் தெரியும், கைக்கு அதைவிட அதிகம் தெரிகிறது. மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டு ஒட்டியிருக்கும் இரண்டு சட்டங்கள், அவற்றைச் சார்ந்து சிறிய சட்டங்கள் மூன்று. பலகையின் கனம் மூன்றரை மில்லிமீட்டர். அதன்மேல் ஏறத்தாழ எண்பது கிலோ இழுவையோடு பேஸ் கம்பிகள் நிற்கும். சட்டங்கள் இல்லையென்றால் பலகை அப்பளம்போல நொறுங்கும். சட்டங்கள் மிஞ்சினால் பலகை அசையாது, அசையாத பலகை பேசாது. நேற்று மாலை முதன்முதலாகக் கம்பி பூட்டி அடிக்கம்பியைச் சுண்டினேன். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமியதுபோல ஒன்று கேட்டது, அவ்வளவுதான். இன்று காலை ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் பதினான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, அதை உள்ளே கொண்டுபோய்ச் சட்டத்தின்மேல் கவிழ்த்துப் பார்த்தேன். அதன் கால் பலகையைத் தொடவில்லை, அந்தரத்தில் நின்றது. பதினைந்துக்கு வெட்டிய துண்டும் அப்படியே நின்றது. பதினேழுக்கு வெட்டியதுதான் உட்கார்ந்தது. வரைபடத்தில் நான் எழுதியிருப்பது பதினான்கு, என் கையெழுத்தில், சிவப்பு மையால் அடிக்கோடிட்டு. பதினான்கும் இருபது சதவீதமும் சேர்ந்தால் பதினேழு.

நான் சேர்க்கவில்லை, கை சேர்த்திருக்கிறது. பென்சில் கோட்டுக்கு வெளியே அறுத்திருப்பேன், பிறகு இழைத்துக்கொள்ளலாம் என்று. இழைக்கும்போது கோடு வருமுன்பே இழைப்புளியைக் கீழே வைத்திருப்பேன், போதும் என்று. போதும் என்று எனக்குச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. உயரம் இருபது சதவீதம் கூடினால் விறைப்பு எழுபத்து மூன்று சதவீதம் கூடும்; இது முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த கணக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகள் பாலங்களை வரைந்தவளுக்குத் தெரியாததல்ல. துறையில் எனக்குப் பின்னால் ‘இருபது பர்சன்ட் அம்மா’ என்று ஒரு பெயர் உண்டு. எந்தக் கணக்கு என்னிடம் வந்தாலும், சரியாகவே இருந்தாலும், கீழே ‘மேலும் இருபது சதவீதம்’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன். புதிதாக வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு உறையோடு என் அறைக்குள் வந்ததும், வந்த வேகத்தில் வெளியே போனதும் இன்றும் அங்கே கதையாகச் சொல்லப்படுவதாகக் கேள்வி. என் பாலம் எதுவும் விழுந்ததில்லை. விழாமலிருப்பது ஒரு பாலத்துக்குப் போதுமான புகழ் என்றே நினைத்திருந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் பேஸ் கிட்டாரும் விழவில்லை. அதோ அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதன் தலையில் குடை தொங்குகிறது. அதை என் கணவர் ஞானதுரை மடியில் வைத்து, குனிந்து, நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “மனோ, இதுமேல லாரி விடலாம். பாட்டுதான் வராது.” கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. அன்று இரவு சாப்பாட்டில் அவருக்கு ரசம் ஊற்ற மறந்தேன். மறந்தேன் என்று சொல்வது சரியல்ல.

உப்புத்தாள் சுற்றிய கட்டையைச் சட்டத்தின் முதுகில் வைத்துத் தள்ளுகிறேன். முன்னே பத்து முறை, பின்னே பத்து முறை, பிறகு கையை வெளியே எடுத்து, விரல் கணுவால் பலகையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்க வேண்டும். கதவைத் தட்டுவதுபோல ஒலிக்கிறது, இன்னும் கதவுதான். கேட்பதற்கு என் காது இருக்கிறது. ஆனால் இது யார் காதுக்காகச் செய்யப்படுகிறதோ அந்தக் காது கூடத்தில் நாளேட்டுக்குப் பின்னால் இருக்கிறது, காகிதம் புரளும் சத்தம்கூட அதற்குக் கேட்காது. கல்லூரி நூலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறரை அமைதியாயிருக்கச் சொன்னவர்; ஞாயிறுதோறும் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், பாடகர் குழுவோடு பேஸ் கிட்டார் வாசித்தவர். எத்தனை பேர் பாடினாலும் அடியில் அந்த நான்கு கம்பி நிற்கும், அது நிற்பது யாருக்கும் தெரியாது, நின்றுபோனால்தான் தெரியும். அஸ்திவாரத்துக்கு உரிய குணம் அது, அதனால்தான் அந்த வாத்தியத்தின்மேல் எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும், மற்றபடி எனக்குச் சங்கீதம் தெரியாது. காது போனது மேலிருந்து போயிற்று. முதலில் அணில், பிறகு குக்கர் விசில், பிறகு தொலைபேசி, பிறகு பெண்களின் குரல். என் குரல் மெலிந்தது, உச்சமானது, வேலைத்தளத்தில் மறுகரைக்குக் கேட்கும். அந்தக் குரலும் அவர் இழந்த பக்கத்தில்தான் இருந்தது. இதை நான் கவனிக்கவில்லை, மீன் விற்கும் செல்லக்கனி கவனித்தாள். “யம்மா, ஒங்க வீட்டு ஐயாவப் பாத்தியளா? லாரி போனா திரும்பிப் பாக்காவ. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டா பாக்க மாட்டேங்காவ. என்னயவிட லாரி மேல பிரியம் போல!” மருத்துவர் மூவாயிரம் வார்த்தையில் சொன்னதை அவள் கூடையை இறக்குவதற்குள் சொல்லி முடித்தாள். தாழ்ந்த ஒலி மிஞ்சியிருக்கிறது. அது மிஞ்சியிருக்கும்வரை ஒரு வழி இருக்கிறது.

வழி இருந்ததா, இருக்கிறதா என்பது இன்று தெரியும். காதுக்குள் வைக்கும் கருவியை ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் தகரத்தை மென்றுகொண்டு பேசுகிறார்கள் என்று கழற்றி வைத்தார். ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்து வாசிக்கும் பேஸ் அவருக்கு உதவவில்லை. பெட்டி நாலு கெஜம் தள்ளியிருக்கும், அதிலிருந்து வருவது கோயில் சுவர்களில் மோதிக் கூழாகித்தான் அவரிடம் சேரும். பாடகர் தலைவர் பென்சாமின் கையைப் பார்த்தே ஓராண்டு வாசித்தார். போன அறுப்பின் பண்டிகையன்று, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஆராதனையில், கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்திலிருந்து அரைச் சுரம் தள்ளி வாசித்தார், முடியும்வரை வாசித்தார், நிறுத்தச் சொல்லிப் பென்சாம் கையை அசைத்ததை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக வாசித்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கிற்று. வீட்டுக்கு வந்து வாத்தியத்தை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார், திங்கட்கிழமை அதைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேச்சும் அநேகமாக ஜிப் போட்டுக்கொண்டது. கேட்காதவனுக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை. கடமை இல்லாத பேச்சை அவர் பேசுவதில்லை. கடையில் விற்கும் பெட்டியில்லாப் பேஸ்களின் வயிறு சிறியது, தாழ்ந்த சுரத்துக்கு வயிறு வேண்டும், நெஞ்சோடு அணைத்து வாசித்தால் பின்பலகையின் அதிர்வு எலும்பு வழியே போக வேண்டும். இவ்வளவையும் கணக்கிட்டுத்தான் இரண்டாவதைத் தொடங்கினேன். ஒன்பது மாதம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வாரம் சொன்னார்: “இது ஒண்ணப் பாக்கேன் மனோ. இதுவும் எனக்குக் கேக்கலைன்னா இதோட விட்டுருவோம். பென்சாம்கிட்ட நாற்காலிய எடுத்திருன்னு சொல்லிருதேன்.” அந்த நாற்காலி கோயிலில் இன்னும் அவர் இடத்திலேயே கிடக்கிறது, யாரும் உட்காருவதில்லை, பென்சாமுக்கு மரியாதை தெரியும். இதோட விட்டுருவோம் என்றால் எதை? அவர் விளக்கவில்லை. கிட்டாரை மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றிற்று, தோன்றியதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

ஒலித்துளையிலிருந்து மரத்தூள் என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது, வெளுத்த, நூறு ஆண்டு காய்ந்த தூள். மேற்பலகையும் சட்டங்களும் கோயிலில் கறையான் தின்றுவிட்ட பழைய பியானோவின் வயிற்றிலிருந்து எடுத்தவை. ஸ்ப்ரூஸ் மரம், எங்கோ பனிநாட்டில் வளர்ந்து, கப்பலில் வந்து, மூன்று தலைமுறைக் கீர்த்தனைகளுக்கு அதிர்ந்தது. கறையான் கால்களைத் தின்றது, பெட்டியைத் தின்றது, இந்தப் பலகையில் ஒரு கிட்டாருக்குக் காணும் அளவை மட்டும் விட்டுவைத்தது. ஒரே ஒரு கிட்டாருக்கு. இன்னொன்று செய்ய இதுபோல் மரம் கிடையாது, வாங்கலாம், வரவழைக்கலாம், இன்னும் ஒன்பது மாதம் ஆகும், இன்னும் ஒன்பது மாதம் அவர் இருப்பார், ஆனால் கூடத்தில் இருப்பார், நாளேட்டுக்குப் பின்னால் இருப்பார். தட்டுகிறேன். கதவு சற்று மெலிந்திருக்கிறது. வெட்டுத் துண்டைக் கவிழ்த்துப் பார்க்கிறேன்: பதினாறு. கட்டைவிரலின் அடிப்பகுதி எரிகிறது, ஒலித்துளையின் விளிம்பு முன்கையில் ஒரு வட்டம் பதித்திருக்கிறது, வளையல் போல. இன்னும் இரண்டு மில்லிமீட்டர், எல்லாச் சட்டத்திலும். பதினைந்தில் நிறுத்திக்கொண்டால் என்ன? பதினைந்து ஒரு நல்ல எண். பதினைந்தில் அது ஓரளவு பேசும், ஒருபோதும் உடையாது. ஓரளவு என்பது அவருக்குக் கேட்குமா? இப்போது பேசுவது யார் என்பது எனக்குத் தெரிகிறது, அந்தக் கைதான். அது ஆலடிக்காலுக்குப் போகப் பார்க்கிறது. ஆலடிக்கால் வேண்டாம். முன்னே பத்து, பின்னே பத்து.

வாசலில் செல்லக்கனியின் குரல். “யம்மா! சாளை கெடக்கு, துள்ளத் துடிக்க இருக்கு, பாக்கியளா?” நான் எழுந்து போக முடியாது, கை உள்ளே இருக்கிறது. அவளே உள்ளே வந்து அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், கூடை இடுப்பில். “என்னம்மா, வயித்துக்குள்ள கையவிட்டுக் கொடலத் தேடுதியளா?” “இன்னிக்கு மீன் வேண்டாம், போ.” “வேண்டாம்னா வேண்டாம். போன தடவ செஞ்சதுல துணி காயப்போடலாம்னு ஐயா சொன்னாவளே, இது எதுக்கு?” “துணி காயப்போடலாம்னா சொன்னாரு?” “எங்கிட்ட அப்படித்தான் சொன்னாவ. ஒங்ககிட்ட வேற சொன்னாவளோ?” அவள் சிரித்துக்கொண்டே திரும்பியபோது ஞானதுரை அவளுக்குப் பின்னால் வந்து நின்றார், அவருக்கு அவள் குரல் கேட்டிராது, மீன் வாடை எட்டியிருக்கும். “இன்னுமா முடியல?” என்றார் என்னிடம். நான் குரலைத் தாழ்த்தினேன். அவரிடம் பேச இப்போதெல்லாம் நெஞ்சிலிருந்து பேசுகிறேன், சுமைதூக்குகிறவர்களை அதட்டிய குரல் அது, அன்பாகப் பேசவும் அதுதான் மிஞ்சியிருக்கிறது. “ஒரு மணிக்கு வாங்க.” “ஒரு மணிக்கா? நாளைக்குன்னாலும் சரிதான். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.” அவசரமில்லை என்று சொன்ன விதத்தில் அவர் முன்பே விட்டுவிட்டது தெரிந்தது. செல்லக்கனி அவர் முகத்துக்கு நேரே வாயைப் பெரிதாகத் திறந்து, “ஐயா, சாளை!” என்றாள். “வேண்டாம் தாயி, அம்மா கையில ரம்பம் இருக்கு” என்றார் அவர். ரம்பமல்ல, உப்புத்தாள். நான் திருத்தவில்லை. இருவரும் போய்விட்டார்கள், கேட் சாத்திய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது, மறுபடி அந்த அமைதி, அமைதிக்குள் கையும் சட்டமும் மட்டும்.

பதினைந்து. எல்லாவற்றிலும் பதினைந்து. நிறுத்தியிருக்கிறேன். தட்டினால் இப்போது கதவில்லை, மரப்பெட்டி. இன்னும் குடம் ஆகவில்லை. சட்டத்தின் முதுகில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன், விரல் மேற்கொண்டு நகர மறுக்கிறது. சரி, போகட்டும், ஆலடிக்காலுக்கே போய்விட்டு வரட்டும். ஓடைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம், எனக்கு இருபத்தேழு வயது, நானே கணக்கிட்ட முதல் பாலம், அப்போது இருபது சதவீதம் கிடையாது, கணக்கு எவ்வளவு சொன்னதோ அவ்வளவு. மெல்லிய, அழகான பாலம். மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதனை செய்த அன்று ஒரு ‘டக்’. பெரிய சத்தமல்ல, பாக்கு வெட்டுகிற சத்தம். அடியில் போய்ப் பார்த்தால் ஒரு விரிசல், மயிரிழை. மேலதிகாரி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், “மயிரிழைதானேம்மா, கான்கிரீட்டுன்னா விரியத்தான் செய்யும், இது அனுமதிக்கிற அளவுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுது. நீளுதான்னு பாப்போம். ஆளுங்க நடக்கட்டும்.” புத்தகமும் அதையே சொன்னது. நான் ஒப்பவில்லை. என் பாலத்தில் விரிசல் இருக்கக் கூடாது. எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, இரு முனையிலும் முள்வேலி கட்டி, ‘நடக்கத் தடை’ என்று பலகை வைத்து மூடினேன். இடித்துக் கனமாகக் கட்டுவதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டும் ஊர் பழையபடி தண்ணீரில் இறங்கி ஓடையைக் கடந்தது. இரண்டாவது ஐப்பசியில் முறுக்கு விற்கும் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். சைக்கிள் கிடைத்தது. அவர் பெயர் இருளப்பன். கேட்டுத் தெரிந்துகொண்டேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை. விசாரணை கிடையாது. விழுந்த பாலத்துக்குத்தான் விசாரணை, மூடிய பாலத்துக்கு இல்லை. நான் செய்தது எச்சரிக்கை என்று கோப்பில் பதிவாயிற்று, பாராட்டாகவே பதிவாயிற்று. அதற்கடுத்த கணக்கில்தான் முதன்முதலாக எழுதினேன், மேலும் இருபது சதவீதம். விரிசலே வராத பாலமாக இருந்தால் மூடவே வேண்டியிராது அல்லவா. நியாயம் அப்படித்தான் ஓடிற்று, ஓடி முப்பது ஆண்டு என்னைக் காப்பாற்றிற்று. தவறு விரிசலில் இல்லை, வேலியில் இருந்தது என்பதை எனக்கு யார் சொல்வார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆள் முறுக்குத் தட்டோடு போய்விட்டார். விரல் நகர்கிறது. முன்னே பத்து, பின்னே பத்து. நான் தள்ளுகிறேனா, அது தள்ளுகிறதா, தெரியவில்லை. பதினான்கரை. முன்னே பத்து. தட்டு. குடம். காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது வரும் ஒலி, நீண்டு, தாழ்ந்து, கொஞ்சம் தாமதித்து அடங்குகிற ஒலி. வெட்டுத் துண்டைக் கவிழ்த்தேன். பதினான்கு, கால் பலகையைத் தொட்டது.

கம்பிகளை மறுபடி குதிரையில் பொருத்தி, குதிரை என்பது பலகைமேல் ஒட்டிய அந்தச் சிறு மரக்கட்டை, கம்பிகளின் இழுவை முழுவதையும் பலகைக்கு இறக்குவது அதுதான், ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றினேன். கால் மணி நேரத்துக்கு ஒரு கம்பி. பலகை குதிரைக்குப் பின்னால் மெல்ல உப்பிற்று, நேரான அளவுகோலை வைத்து அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர், சரி. மேலும் அரை, சரி. ஒவ்வொரு முறுக்குக்கும் என் தோள் காதுவரை உயர்ந்தது. ஒரு மணிக்கு அவர் வந்தார், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தை வாங்கி, கனத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “லேசா இருக்கே.” பிறகு அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தார், அடிக்கம்பியைக் கட்டைவிரலால் தடவினார், தடவியது போதாது என்று சுண்டினார். நான் ஒலியைக் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுண்டினார். தலையைச் சாய்த்து, முகவாயை வாத்தியத்தின் தோளில் வைத்தார். ஒரு பாட்டின் அடிவரியைத் தொடங்கினார், நிறுத்தினார், மூன்றாம் கம்பியை ஒருமுறை, இருமுறை தனியாகச் சுண்டினார். “மனோ, இது ஒரு பொடி இறங்கிருக்கு.” ஏற்றும்போது என் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. அவர் முறுக்காணியைக் கால் திருப்புத் திருப்பினார், சுண்டினார், இப்போது சரி என்று தமக்குத்தாமே தலையசைத்துக்கொண்டார். ஓராண்டாக எந்த ஒலியைப் பற்றியும் அவர் ஒரு கருத்துச் சொன்னதில்லை. பிறகு வாசித்தார், அறுப்பின் பண்டிகையின் அந்தக் கடைசிப் பாட்டை, முதல் சரணம் முழுவதும், இரண்டாம் சரணத்துக்கு வந்து, அன்று எங்கே தள்ளிற்றோ அந்த இடத்தைத் தாண்டி, தள்ளாமல் தாண்டி. மேசைமேல் கிடந்த பல் வைத்தியர் கண்ணாடி அடிக்கம்பிக்கு மட்டும் நடுங்கிற்று.

அப்போது அது வந்தது. ‘டக்.’ பாக்கு வெட்டுகிற சத்தம். எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை, அது உச்சத்தில் இருக்கும் ஒலி, அவர் இழந்த பக்கத்தில் இருப்பது. அவர் கை நிற்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன்: குதிரையின் பின்விளிம்பிலிருந்து மரத்தின் இழையோடு ஒரு கோடு, ஒன்றரை அங்குலம், மயிரிழை. நிறுத்துங்கள் என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது, நெஞ்சிலிருந்து, அவருக்குக் கேட்கக்கூடிய குரலில். உள்ளிருந்து ஒரு சிறு மரவில்லையை ஒட்டினால் தாங்கும், நாளைக்கு ஒட்டலாம், பசை காய ஒரு நாள். இன்றைக்கு நிறுத்தினால் அவர் வாத்தியத்தை மேசையில் வைப்பார், வைத்துவிட்டு ஏதோ ஒரு நல்ல கேலி சொல்வார், சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போவார். இரண்டாம் சரணம் முடிந்தது. அவர் தலையைத் தூக்கினார். “அடிக்கம்பி இறங்கிருக்கு. இப்பதான், நடுவுல எறங்குச்சு.” விரிசலுக்குப் பலகை அரை மயிர் இணங்கிக் கொடுத்திருக்கும், அந்த அரை மயிரை அவர் கேட்டுவிட்டார். “புதுக் கம்பி” என்றேன். “இழுபடும்.” “ஏத்தட்டுமா?” அவர் கை முறுக்காணியில் இருந்தது, என் அனுமதிக்காகக் காத்திருந்தது, இத்தனை ஆண்டில் எந்த விஷயத்துக்கும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, வரைந்தவளிடம் கேட்கிற கேள்வி அது. எண்பது கிலோ, மூன்றரை மில்லிமீட்டர், பதினான்கு, ஒன்றரை அங்குலம். “ஏத்துங்க” என்றேன். ஏற்றினார். கோடு நீளவில்லை. மின்சாரம் நேரத்துக்கு முன்பே வந்து தலைக்குமேல் விசிறி இரைச்சலோடு சுற்றத் தொடங்கிற்று, நான் எழுந்து போய் அதை அணைத்தேன். “என்ன பாக்குத?” என்றார், நான் திரும்பி வந்து மறுபடி பலகையைப் பார்ப்பதைக் கண்டு. “ஒண்ணுமில்ல. மூணாவது சரணத்தையும் வாசிங்க.” காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் முனையை நனைத்து, கையில் வைத்துக்கொண்டேன், பாட்டு முடிந்ததும் கோட்டின் முனையில் இன்றைய தேதியைக் குறிக்க வேண்டும்.